தூரத்துக் குழு "ஓம்" என்கிறது, வேலை வரவில்லை: அறிகுறி பார்த்துக் கோளாறு கண்டுபிடித்தல்

இலங்கையில், திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு முன்னறையில் பழைய தேக்கு மேசை ஒன்று கிடக்கிறது. ஏழு வருடம் அதில் இருந்துதான் நோர்வே நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் எழுதினேன். அவர்களுக்கு நான் "தூரத்துக் குழு". இப்போது அதே மேசையில் இருந்து கோயம்புத்தூரில் ஐந்து பேரிடம் வேலை வாங்குகிறேன். நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து விருந்தினர் விடுதிகளுக்கும் புறாத்தீவுக்குப் படகு விடுகிறவர்களுக்கும் ஒரு முன்பதிவுச் செயலி. அன்றைக்கு நோர்வேக்காரர் என்னைப் பற்றி என்னென்ன குறை சொல்லியிருப்பார்களோ, அத்தனையையும் இன்றைக்கு நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கீழே உள்ளது, வேறு ஊரில் இருக்கும் மென்பொருள் குழுவிடம் வேலை வாங்குகிறவர்களுக்கு. முதலில் இருந்து வாசிக்கத் தேவையில்லை. உங்களுக்கு வந்திருக்கும் அறிகுறியைத் தேடிப் போங்கள். ஒவ்வொன்றிலும் உங்கள் பக்கத்தை முதலில் பார்க்கச் சொல்லியிருப்பேன். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. உங்கள் பக்கத்தை யாரையும் கேட்காமல் இன்றைக்கே திருத்தலாம். அவர்கள் பக்கத்தைத் திருத்த ஒரு கூட்டமாவது போட வேண்டும்.

## எல்லாவற்றுக்கும் "ஓம்" வருகிறது. வேலை வேறு மாதிரி வருகிறது

எங்கள் ஊரில் வளர்ந்தவருக்கு இது உடனே விளங்கும். "ஓம்" என்றால் நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. "ஓம் ஓம்" என்றால் கெதியாய்ச் சொல்லி முடியுங்கள். "ஓம், பார்ப்பம்" என்றால் நடக்காது. நோர்வேக்காரரிடம் நான் சொன்ன "யெஸ்" எல்லாம் இந்த முதலாவது ஓம். அவர் அதை உடன்பாடு என்று குறித்துக்கொண்டார். கோயம்புத்தூரில் "சரிங்க" இதே வேலையைப் பார்க்கிறது. ஒரே மொழி பேசுகிறவர்கள், இந்தச் சிக்கல் வராது என்று நினைத்துத்தான் அங்கே வேலையைக் கொடுத்தேன். பேசுகிற மொழி ஒன்றாக இருந்ததால் விளங்காதது எதுவும் இருக்கும் என்ற சந்தேகமே இரண்டு மாதம் எனக்கு வரவில்லை.

முதலில் நிறுத்த வேண்டியது "விளங்கிச்சா?" என்ற கேள்வியை. அதற்கு உலகத்தில் ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது. பதிலுக்கு இப்படிக் கேளுங்கள்: "இதை எப்படிச் செய்யப் போகிறீர்கள் என்று நாலு வரியில் எழுதி அனுப்புங்கள்." பின்னேரத்துக்குள் நாலு வரி வராவிட்டால் விளங்கவில்லை என்று பொருள். வந்தால், பிழை இருந்தாலும் அது எழுத்தில் இருக்கும். கோடிங்கில் போய்ச் சேர்வதற்கு முன்னரே பிடித்துவிடலாம்.

அப்புறம், அந்த நாலு வரியை யார் எழுதுகிறார் என்று பாருங்கள். கூட்டத்தில் பேசுகிறவர் குழுத் தலைவர். வேலையைச் செய்யப்போகிறவர் கமராவை மூடிவைத்துவிட்டு மூலையில் இருக்கும் தம்பி. எழுத வேண்டியவர் அந்தத் தம்பி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆட்கள் "ஏலாது" என்று சொல்லாததற்குக் காரணம் சோம்பலோ பொய்யோ இல்லை. சொன்னால் என்ன நடக்கும் என்ற கணக்கு. ஆறு கிழமை பிடிக்கும் என்று தெரிந்தும் நான் ஒருமுறை "இரண்டு கிழமை" என்றேன். அந்த வீடியோ அழைப்பில் என் மேலாளர் இருந்தார், அவ்வளவுதான் விஷயம். ஆகவே இப்போது "முடியுமா?" என்று கேட்பதில்லை. "இதில் உங்களுக்குப் பயமாக இருக்கிற இடம் எது?" என்று கேட்கிறேன். முதல் தடவை கேட்டபோது கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒருவர், "பணம் திருப்பிக் கொடுக்கிற பகுதிங்க, பாதி கழிச்சுக் கொடுக்கிறது எங்களுக்குச் சரியா புரியல" என்றார். அந்த ஒரு பதிலால் ஒரு மாத வேலை மிஞ்சியது.

## சொன்னதை அப்படியே செய்திருக்கிறார்கள். ஊரில் யாருக்கும் பயன்படவில்லை

எனக்கு மிகவும் செலவு வைத்த கோளாறு இதுதான். கோளாறு முழுக்க என் பக்கம்.

விடுதி உரிமையாளர்கள் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். "இலங்கை தேசிய அடையாள அட்டை இலக்கம், பழையதும் புதியதும்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். பழையது ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும், 2016இலிருந்து வந்த புதியது பன்னிரண்டு இலக்கம் என்பதை அவர்களே தேடிப் பிடித்துவிட்டார்கள். இலக்கத்துக்குள் பிறந்த ஆண்டும், ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் இருக்கின்றன என்றும் கண்டுபிடித்தார்கள். சந்தோஷமாக ஒரு சரிபார்ப்பும் போட்டார்கள்: நாள் எண் 366ஐத் தாண்டினால் அட்டை செல்லாது.

பெண்களுக்கு அந்த நாள் எண்ணோடு 500 கூட்டித்தான் எழுதப்படும் என்பது இங்கே கடன் விண்ணப்பம் நிரப்பிய எவருக்கும் தெரியும். அதனாலேயே அதை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. சோதித்துப் பார்த்த நாங்கள் நாலு பேரும் ஆண்கள். செயலியை வெளியிட்ட அன்றைக்கு நிலாவெளியில் விடுதி வைத்திருக்கும் அக்கா ஒருவர் போன் எடுத்தார்: "தம்பி, நான் செல்லாத ஆளாம்." அன்று பதியப் பார்த்த பெண்களில் ஒருவரையும் செயலி உள்ளே விடவில்லை.

அதைத் திருத்தியதும் அடுத்தது வந்தது. சிலருடைய பிறந்த தேதி ஒரு நாள் பிந்திக் காட்டியது. எங்கள் அட்டை இலக்கத்தில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள். ஆகவே எந்த ஆண்டாக இருந்தாலும் மார்ச் 1 என்றால் 61ஆவது நாள். கணினி நாட்காட்டிக்கு இந்த வழக்கம் தெரியாது. லீப் ஆண்டு அல்லாத ஆண்டில் மார்ச்சிலிருந்து டிசம்பர் வரை பிறந்த எல்லோருக்கும் ஒரு நாள் கூடிவிட்டது.

பெயரும் கழுத்தை அறுத்தது. "குடும்பப் பெயர்" என்ற பெட்டியைக் கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று வைத்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் அதில் அப்பாவின் பெயரைப் போட்டார்கள். பற்றுச்சீட்டு, காலமாகிப் பத்து வருடமான அப்பாவை "அன்புள்ள" என்று விளித்துப் போனது.

பணம் இன்னும் மோசம். திரையில் "ரூ." என்று போட்டால் இரண்டு நாட்டுக்கும் அதே எழுத்துத்தான். உள்ளே நாணயக் குறியீடு எல்கேஆர் (இலங்கை ரூபாய்) என்று இருக்க வேண்டிய இடத்தில் ஐஎன்ஆர் (இந்திய ரூபாய்) என்று இருந்தது. ஒரு இந்திய ரூபாய் எங்கள் மூன்று ரூபாய்க்கும் மேல். நல்ல வேளை, ஒத்திகையிலேயே பிடிபட்டது.

திருத்தம்: தேவைப் பட்டியலை நீளமாக்குவதால் இது தீராது, நான் முயன்று பார்த்தேன். உங்களுக்கு மிகத் தெரிந்தது உங்கள் கண்ணுக்கே படாது. அதற்குப் பதிலாக உண்மையான மாதிரிகளைக் கொடுங்கள். நான் இப்போது ஒவ்வொரு வேலையோடும் பத்துப் பதினைந்து மாதிரி வரிகள் உள்ள ஒரு அட்டவணை அனுப்புகிறேன். உண்மையான ஆட்களின் இலக்கங்களை அனுப்புவதில்லை, அதே அமைப்பில் நானே செய்தவை. ஆண், பெண், பழைய அட்டை, புதிய அட்டை, ஒரே ஒரு பெயர் மட்டும் உள்ளவர், முதலெழுத்து மூன்று உள்ளவர், 026 என்று தொடங்கும் வீட்டுத் தொலைபேசி, ஐந்து இலக்கத் தபால் குறியீடு (எங்களுக்கு 31000, இந்தியாவில் ஆறு இலக்கம்). ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் என்ன விடை வர வேண்டும் என்று இருக்கும். அந்த அட்டவணை முழுக்கச் சரியாக வந்தால்தான் வேலை முடிந்த கணக்கு.

திரையில் வரும் தமிழையும் விட்டுவிடாதீர்கள். "ரசீது" இங்கே விளங்காமல் போகாது. ஆனால் படகுக்காரர் "பற்றுச்சீட்டு" என்று பார்த்தால்தான் இது நம்மடை செயலி என்று நினைப்பார்.

## "முடிஞ்சுது" என்கிறார்கள், திறந்தால் முடியவில்லை

யாருடைய கணினியில் முடிந்தது என்று கேளுங்கள். எழுதினவர் மடிக்கணினியில் ஓடுகிறதென்றால் அவரைப் பொறுத்தவரை முடிந்ததுதான். அவர் பொய் சொல்லவில்லை.

"முடிந்தது" என்றால் என்ன என்பதை ஒரு பந்தியில் எழுதி இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள். எங்களுடையது இப்படி: இன்னொருவர் கோட் வரிகளை வாசித்து ஒப்புதல் கொடுத்திருக்க வேண்டும். சோதனைச் சேர்வரில் ஏறியிருக்க வேண்டும். மாதிரி அட்டவணை ஓடியிருக்க வேண்டும். நான் என் போனில், வை-ஃபை இல்லாமல், டேட்டாவில் திறந்து பார்த்திருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமாகத் தெரியும். கடற்கரையில் சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கும் இடத்தில்தான் படகுக்காரர் நிற்கிறார்.

"தொண்ணூறு வீதம் முடிந்தது" என்ற பேச்சை ஏற்கவே வேண்டாம். மிச்சம் பத்து வீதத்தில் ஒரு மாதம் போகும். வேலையை இரண்டு மூன்று நாள் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் முடிந்தது, முடியவில்லை என்று மட்டும் குறியுங்கள். ஒவ்வொரு வெள்ளியும் அரை மணி நேரம் அவர்கள் திரையைப் பகிர்ந்து ஓட்டிக் காட்டட்டும். ஓடுகிறதைக் காட்டினால் போதும், ஸ்லைடு வேண்டாம்.

## ஒரு கேள்விக்குப் பதில் வர ஒரு நாள் போகிறது

நோர்வேக் காலத்தில் இதற்கு நேர வித்தியாசத்தைக் குறை சொன்னோம். குளிர்காலத்தில் நாங்கள் ஒஸ்லோவை விட நாலரை மணி நேரம் முன்னால், கோடையில் மூன்றரை. மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள். மறுநாள் திங்கட்கிழமை கூட்டத்துக்கு யாராவது ஒரு மணி நேரம் முந்தியோ பிந்தியோதான் வருவார்கள். கூட்ட நேரத்தை ஒரு ஊரின் நேரத்தில் மட்டும் எழுதி, நாட்காட்டியை மாற்றிக்கொள்ள விடுங்கள். கனடாவோடு வேலை செய்கிறவர்களுக்கு இது உண்மையிலேயே வலி. டொரொண்டோவில் காலை ஒன்பது என்றால் இங்கே கோடையில் மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. இரண்டு பக்கமும் விழித்திருக்கும் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, அதில் எழுத்தில் தீராத கேள்விகளை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் கோயம்புத்தூருக்கும் எங்களுக்கும் ஒரே நேரம், அரை நிமிட வித்தியாசமும் இல்லை. அப்படி இருந்தும் ஒரு நாள் போகிறது. ஏன் என்று வட்ஸ்அப்பைத் திரும்பிப் பார்த்தேன்.

காலை 9.40: "வணக்கம் சார்". 11.15: நான் "வணக்கம், சொல்லுங்கோ". 12.30: "ஒரு டவுட்". 2.00: "என்ன?" 4.45: கேள்வி வருகிறது. அதற்குள் நான் வங்கிக்குப் போய்விட்டேன்.

2009இல் எங்கள் பக்கத்துக் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரைக்கும் அக்கரைக்குப் போகிறவர்கள் படகுப் பாதையை நம்பியிருந்தார்கள். ஒரு சாமானை மறந்துவிட்டுப் போனால் முழுதாக ஒரு தரம் போய்வர வேண்டும். கேள்வியும் அப்படித்தான், எல்லாவற்றையும் ஒரே தடவையில் ஏற்றிவிடுங்கள்: என்ன செய்யப் பார்த்தேன், என்ன வந்தது (திரையைப் பிடித்த படத்தோடு), எது சரி என்று நினைக்கிறேன், நாளைக் காலைக்குள் பதில் வராவிட்டால் எதைச் செய்யப் போகிறேன். இந்தக் கடைசிப் பகுதிதான் மருந்து. நான் பதில் போட மறந்தாலும் வேலை நிற்காது.

விடுமுறைப் பட்டியலையும் மாற்றிக்கொள்ளுங்கள். எங்களுக்கு மாதாமாதம் போயா (பௌர்ணமி) விடுமுறை உண்டு, அவர்களுக்கு இல்லை. தீபாவளிக்கு அவர்களில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள்.

## நன்றாகச் செய்துகொண்டிருந்தவர் திடீரென்று காணாமல் போனார்

வேறு வாடிக்கையாளருக்கு மாற்றியிருப்பார்கள், அல்லது வேலையை விட்டிருப்பார். இதைத் தடுக்க முடியாது. முன்னரே சொல்ல வைக்கலாம். ஒப்பந்தத்தில் முக்கியமான ஒருவரையோ இருவரையோ பெயர் குறித்து, மாற்றுவதென்றால் நாலு கிழமை முன்னறிவித்தல், அதில் இரண்டு கிழமை பழையவரும் புதியவரும் சேர்ந்து வேலை என்று எழுதுங்கள். அந்த இரண்டு கிழமைக்குப் புதியவருக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை என்றும் எழுதுங்கள். என் அனுபவத்தில் இதற்கு யாரும் மறுத்ததில்லை, யாரும் தாங்களாகச் சொன்னதும் இல்லை.

## பிந்துகிறது என்று ஆட்களைக் கூட்டினோம், இன்னும் பிந்துகிறது

ஐபிஎம் கணினி நிறுவனத்தின் ஓஎஸ்/360 என்ற இயங்குதள வேலையை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975இலேயே இதைச் சொல்லிவிட்டார்: பிந்திய மென்பொருள் வேலைக்கு ஆள் கூட்டினால் அது இன்னும் பிந்தும். கணக்கு எளிது. ஐந்து பேர் ஒருவரோடொருவர் பேச 10 இணைப்பு. பத்துப் பேர் என்றால் 45. புதிதாக வந்தவருக்குச் சொல்லிக் கொடுக்கிறவர், அந்த நேரத்தில் வேலை செய்யாத பழையவர்.

எங்கள் கடல் ஏப்ரல் வாக்கில் அமைதியாகும். வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கினால் புறாத்தீவுப் படகு இல்லை. ஆகவே என் கெடு கடலின் கெடு, தள்ளிப்போட முடியாது. ஒரு வருடம் பெப்ரவரியில் பயந்து இரண்டு பேரைக் கூட்டினேன். அடுத்த வருடம் அதே நிலைமை வந்தபோது பட்டியலில் இருந்து மூன்று வசதிகளை வெட்டினேன். வெட்டியவற்றில் ஒன்றை இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

## திருத்திய பிழை திரும்பி வருகிறது

கொஞ்ச நாளில் அதற்குப் பழகிவிடுவீர்கள், எங்கள் நகரத்து மான்கள் ஹோர்ன் சத்தத்துக்குப் பழகிய மாதிரி. பழகாதீர்கள். ஒவ்வொரு பிழையையும் திருத்தும்போது, திருத்துவதற்கு முன் தோற்று, திருத்திய பின் தேறும் ஒரு தானியங்கிச் சோதனை கூடவே வர வேண்டும். கோட் சேரும் ஒவ்வொரு தடவையும் அது ஓட வேண்டும். சோதனை இல்லாத திருத்தத்தை ஒப்புக்கொள்ள வேண்டாம். முதல் மாதம் முணுமுணுப்பார்கள். சரி, முணுமுணுக்கட்டும்.

## பில் ஏறிக்கொண்டே போகிறது

நிலையான விலையா, மணிக்கணக்கா என்று பாருங்கள். நிலையான விலை என்றால் நீங்கள் மனம் மாறும் ஒவ்வொரு தடவையும் தனிப் பில். மணிக்கணக்கு என்றால் அவர்கள் மெதுவாகச் செய்தால் உங்கள் பில். எனக்குச் சரிவந்தது மாதத்துக்கு ஒரு உச்சவரம்பு வைத்த மணிக்கணக்கு. தாண்டுவதென்றால் முன்னரே கேட்க வேண்டும்.

நாணயத்தையும் யோசியுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்க்குச் சற்று மேல் நின்ற டொலர், மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. டொலரில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த எனக்கு அது தெரியவில்லை. டொலரில் பில் கட்டிக்கொண்டிருந்த நண்பர் செயலியையே பாதியில் கைவிட்டார்.

## மழை, கரண்ட், மௌனம்

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு வந்தபோது நான் இரண்டு நாள் நோர்வேக்குச் சொல்லவே இல்லை. வெட்கம். எப்படியாவது செய்து முடித்துவிடலாம் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் சொன்னபோது அவர் கோபித்தது வேலை நின்றதற்கு இல்லை, இரண்டு நாள் காத்திருக்க வைத்ததற்கு. இப்போது என் குழுவிடம் ஒரே ஒரு ஏற்பாடு: வேலை நடக்காத நாளில் காலை பத்து மணிக்குள் ஒரு வரி. காரணம் கேட்க மாட்டேன்.

## எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் சாவி யார் கையில் என்று தெரியவில்லை

அறிகுறியே இல்லாத கோளாறு இது. இன்றைக்கே பாருங்கள். கோட் களஞ்சியம் (கோட் எல்லாம் சேமித்திருக்கும் இடம்), டொமைன் (இணைய முகவரி), கிளவுட் கணக்கு, கூகுள் பிளே, ஆப்பிள் கணக்குகள், பணம் வரும் கணக்கு: எல்லாம் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் அட்டையில் திறக்கப்பட்டிருக்க வேண்டும். அவர்களை உள்ளே அழைக்கலாம், உரிமையாளர் நீங்கள். கூகுள் பிளேக்கு ஒரே தடவை 25 டொலர், ஆப்பிளுக்கு வருடம் 99. இதை மிச்சம் பிடிக்க அவர்களுடைய கணக்கில் ஏற்ற விட்டால், பிறகு செயலியை உங்கள் கணக்குக்கு மாற்ற அவர்கள்தான் கோரிக்கையைத் தொடங்க வேண்டும். மனஸ்தாபம் வந்த பிறகு யார் தொடங்குவார்? எழுதப்படும் கோடின் உரிமை, பணம் கொடுத்ததும் உங்களுக்கு மாறும் என்று ஒப்பந்தத்திலும் இருக்கட்டும்.

## எதுவும் சரிவரவில்லை, விலகத்தான் வேண்டும்

விலகுவதைச் சொல்வதற்கு முன்னர் ஒரு சோதனை. வெறுமையான ஒரு மடிக்கணினி எடுங்கள். உங்கள் களஞ்சியத்தில் இருந்து கோட் முழுவதையும் இறக்குங்கள். அவர்கள் எழுதிவைத்த குறிப்பை மட்டும் பார்த்து, யாரையும் கேட்காமல், செயலியை ஓட வையுங்கள்.

கோயம்புத்தூருக்கு முன்னர் வேறொரு குழு இருந்தது. அவர்களோடு முடித்துக்கொள்ளத் தீர்மானித்த கிழமை நான் இதைச் செய்து பார்த்தேன். ஓடவில்லை. ஒரு அமைப்புக் கோப்பு களஞ்சியத்திலேயே இல்லை. அவர்களில் ஒருவருடைய கணினியில் மட்டும் இருந்தது. புதிய ஆள் ஒருவருக்குத் தேவைப்படுகிறது என்று சாதாரணமாகக் கேட்டேன். அன்று பின்னேரமே அனுப்பிவிட்டார்கள். விலகல் கடிதத்தை அடுத்த திங்கட்கிழமை அனுப்பினேன். அதற்குப் பிறகு கேட்ட ஒரு கடவுச்சொல்லுக்கு இன்னும் பதில் இல்லை.